அதிகாலை வெடி, கறிக்குழம்பு, திறந்த வாசல்: வளர்ப்புப் பிராணிகளின் தீபாவளி

விருதுநகர் மாவட்டத்தை வெளியூர்க்காரர்கள் இரண்டு விஷயங்களுக்காக அறிவார்கள். ஒன்று, நாட்டில் விற்கும் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தயாரித்து அனுப்பும் சிவகாசி. மற்றொன்று, அதே மாவட்டத்திலுள்ள ராஜபாளையம். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாகக் காவலுக்கு நிற்கும் நாய் இனத்துக்குப் பேர்போன ஊர். காட்டுப்பன்றியையே எதிர்த்து நிற்கும் என்று பெருமை பேசப்படும் அந்த நாய், தீபாவளியன்று தெருவில் ஒரு லட்சுமி வெடி வெடித்தால் கட்டிலடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும். "இவ்வளவுதானா உன் வீரம்?" என்று சிரிப்பவர்கள் உண்டு. வீரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒவ்வோர் ஐப்பசியிலும் வாட்ஸ்அப்பில் சில அறிவுரைகள் சுற்றி வரும். மாலையில் இருட்டுவதற்குள் நாயை நடக்கக் கூட்டிப்போங்கள், ஜன்னலை மூடுங்கள், டிவியைச் சத்தமாக வையுங்கள். தவறான அறிவுரைகள் அல்ல. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை இரவில் மட்டும் வாணவேடிக்கை நடக்கும் ஊர்களுக்காக எழுதப்பட்டவை. தமிழ்நாட்டுத் தீபாவளி அப்படியா நடக்கிறது? விடிவதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டையில் மஞ்சள் வைத்து, நாலரை மணிக்கே முதல் சரத்தைக் கொளுத்துகிறவர்கள் நாம். ஊர் தூங்கிக் கிடக்கும் அமைதியில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழும் அந்த முதல் வெடிதான் பிராணிகளை அதிகம் நிலைகுலைய வைக்கிறது. அத்தோடு முடிவதுமில்லை. பட்டாசுக் கடை திறந்த நாளிலிருந்து பிள்ளைகள் ஊசி வெடியைப் பிரித்துப் பிரித்து வெடிப்பார்கள். தீபாவளி போன பிறகும் மிச்சமிருப்பது தீரும்வரை வெடிக்கும். நமக்கு ஒரு நாள் பண்டிகை, வீட்டு நாய்க்கும் பூனைக்கும் அது பத்துப் பதினைந்து நாள் சங்கதி. சேதமும் பெரும்பாலும் சத்தம் உச்சத்தில் இருக்கும் வேளையில் நடப்பதில்லை. திறந்து கிடக்கும் கேட்டில், அடுக்களை மேடையில், பூஜை அறையில், மறுநாள் தெருக்குப்பையில் நடக்கிறது.

காதுக்குள் என்ன நடக்கிறது

மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுள்ள கீச்சொலி வரை, கேட்கும். நாய்க்கு அது 45,000 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், பூனைக்கு 64,000. நாம் கேட்பதைத்தான் அவையும் கேட்கின்றன, கொஞ்சம் கூடுதலாக, என்று நினைத்துக்கொள்கிறோம். ராக்கெட் கிளம்பும்போது எழும் சீறலின் மேல் பகுதி நம் காதுக்கு எட்டுவதே இல்லை, அவற்றுக்கு எட்டும்.

இருந்தாலும் சத்தத்தின் அளவு மட்டுமே பயத்தை விளக்கிவிடாது. மிக்ஸி ஓடும்போது தூங்கும் நாய் ஒரு குருவி வெடிக்கு நடுங்குகிறது. மிக்ஸியின் சத்தம் ஏறி, நின்று, அடங்கும். எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். வெடிச் சத்தம் ஓர் இமைப்பொழுதுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. எந்தத் திசை, அடுத்தது எப்போது என்று எதுவும் பிடிபடாது. தப்பி ஓடு என்று உடம்பு கட்டளையிடும், எந்தப் பக்கம் ஓடுவது என்பது தெரியாது. சில நாய்களுக்குக் கேட்கக் கேட்கப் பழகிவிடும். வேறு சில நாய்களுக்கு நேர்மாறாக, ஒவ்வோர் ஆண்டும் பயம் ஒரு படி ஏறும். பட்டாசில் தொடங்கியது இடிக்கும், பிறகு கதவு அறைந்து சாத்தும் சத்தத்துக்கும் பரவும். நம் ஊரில் தீபாவளி வருவதே வடகிழக்குப் பருவமழை நேரத்தில். ஒரே வாரத்தில் இடியும் வெடியும் சேர்ந்துகொள்கின்றன.

தன் நாய் பயப்படுவதையே பலர் கவனிப்பதில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தங்கள் நாய் சத்தத்துக்குப் பயப்படும் என்று நேரடியாகச் சொன்ன உரிமையாளர்கள் கால்வாசிப் பேர். நடுங்குமா, ஒளியுமா, அதிகமாகக் குரைக்குமா என்று அறிகுறிகளைத் தனித்தனியாகக் கேட்டபோது, ஏதாவது ஒன்றையாவது ஒப்புக்கொண்டவர்கள் பாதிப் பேர். குரைப்பதும் நடுங்குவதும் எல்லோர் கண்ணிலும் படும். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, வெயில் இல்லாமலே மூச்சிரைப்பது, பிடித்த தீனியையும் முகர்ந்துவிட்டு விலகுவது, இவற்றைப் பயம் என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. பூனை இன்னும் அழுத்தமான ஆள். அது அலமாரிக்கு மேலேயோ துணி மூட்டைக்குள்ளேயோ அசையாமல் உட்கார்ந்திருக்கும். "எங்க வீட்டுப் பூனை ஒண்ணும் கண்டுக்காது" என்று நாமும் சொல்லிக்கொண்டிருப்போம்.

சட்டம் கொடுத்த இரண்டு மணி நேரம்

வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பது 1999 முதல் உள்ள விதி. டெசிபல் கணக்கு பெருக்கல் கணக்கு: பத்து டெசிபல் கூடினால் ஒலியின் வலு பத்து மடங்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். ஆனால் திருவல்லிக்கேணிச் சந்து போன்ற இடத்தில், இருபுறமும் சுவர் நிற்கும்போது, அந்தச் சலுகையும் முழுதாகக் கிடைக்காது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு ஆட்டம் பாம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 வரை மட்டும் வெடிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. எங்கள் தீபாவளி அதிகாலையில் என்று தமிழ்நாடு மறுபடி போய்க் கேட்டது. மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல், நேரத்தை மாநிலமே வகுத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. அன்று முதல் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று அறிவிக்கப்படுகிறது. இந்த நேரத்துக்கு வெளியே ஊர் அமைதியாக இருக்கிறதா என்பது அவரவர் காதுக்குத் தெரியும். அதே தீர்ப்பு சரவெடியையும் தடை செய்தது என்பது பலருக்குச் செய்தியாகவே இருக்கும்.

இதே தீர்ப்பு முன்வைத்ததுதான் பசுமைப் பட்டாசு. அந்தப் பெயரைக் கேட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். மத்திய அரசின் நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இந்தக் கலவையில் துகள் மாசு சுமார் 30 சதவீதம் குறையும். நுரையீரலுக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் வெடிக்கத்தான் செய்யும். பசுமை என்ற முத்திரையைப் பார்த்து, நாய் பயப்படாது என்று வாங்க வேண்டாம்.

காலை 6 முதல் 7 என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் வீடுகளில் நாயை வெளியே கூட்டிப்போகும் நேரமே அதுதான். அன்று மட்டும் கடிகாரத்தை மாற்றியாக வேண்டும். முதல் நாள் இரவு எல்லோரும் பலகாரம் சுட்டு முடித்துப் படுத்த பிறகு ஒரு நடை; தீபாவளியன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே குறட்டை விடும் இரண்டிலிருந்து நாலு மணிக்குள் ஒரு நீண்ட நடை. இடையில் மொட்டை மாடியோ பின்கட்டோ போதும். அப்போதும் கயிறு கையில் இருக்க வேண்டும், எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும். கழுத்துப் பட்டை தளர்ந்திருந்தால் பயந்த நாய் தலையைப் பின்னால் இழுத்து ஒரே நொடியில் உருவிக்கொள்ளும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை பாதுகாப்பானது.

தேற்றலாமா, கூடாதா

பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும், கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு. இது பிழை. உட்கார், படு போன்ற செயல்களைத்தான் தீனி கொடுத்து வளர்க்க முடியும். பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் சொன்னதற்காக அது கூடுவதில்லை. நாய் வந்து மடியில் சாய்ந்தால் இருக்கட்டும். ஒளிய விரும்பினால் ஒளியட்டும். "ஒண்ணுமில்லடா, வந்து பாரு" என்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் மத்தாப்பைக் காட்டுவதுதான் கெடுதல்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி ரீமர் 2020-ல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பயனுள்ளதாகப் பட்டது. பட்டாசுப் பயத்துக்கு என்னென்ன செய்து பார்த்தீர்கள், எது பலித்தது என்று நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டார். ஒவ்வொரு வெடிச்சத்தத்துக்குப் பின்னும் உடனே பிடித்த தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பலன் இருந்தது என்றார்கள். உடலைத் தளர்த்திப் படுக்கும் பயிற்சிக்கும், மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. வெடிச்சத்தப் பதிவைப் போட்டுப் பழக்கியவர்களில் பாதிக்குச் சற்று மேல். இறுக்கிக் கட்டும் உடுப்புக்கு 44 சதவீதம். மூலிகை, ஹோமியோபதி, வாசனைப் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கையொட்டி நின்றுவிட்டன. உரிமையாளர்களின் வாய்ச்சொல்லை நம்பும் ஆய்வுதான், ஆய்வகச் சோதனை அல்ல. என்றாலும், மிக மலிவான வழி மேலே நிற்கிறது என்பது நல்ல செய்தி. ஒரு கிண்ணத்தில் வேகவைத்த கோழித் துண்டுகளை வைத்துக்கொண்டு, டப் என்றதும் ஒரு துண்டு. வெடி முதலில், தீனி பின்னால். இந்த வரிசை மாறக் கூடாது. மாறினால் தீனியைக் கண்டாலே வெடி வரப்போகிறது என்று நாய் முடிவுகட்டிவிடும். துண்டைத் தொடவே மறுக்கிறது என்றால் பயம் இந்த வைத்தியத்தைத் தாண்டிப் போய்விட்டது. மருந்து தேவைப்படும் கட்டம் அது.

மருந்து என்றதும் நம் வீடுகளில் ஒரு தயக்கம் வரும், அல்லது அதற்கு எதிரான அவசரம் வரும். மருந்துப் பெட்டியைத் திறந்து இருமல் மருந்தையோ தாத்தாவின் தூக்க மாத்திரையில் பாதியையோ கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யவே கூடாது. பாரசிட்டமால் ஒன்றே போதும், பூனையைக் கொல்ல: அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. மருத்துவர்கள் எழுதும் மருந்துகளிலும் வேறுபாடு உண்டு. அசிப்ரோமசின் போன்ற பழைய மயக்க மருந்தைத் தனியாகக் கொடுத்தால் உடல் அசையாது, பயம் அப்படியே இருக்கும், பார்ப்பவருக்குத்தான் நிம்மதி. பதற்றத்தையே குறைக்கும் மருந்துகள் இப்போது உள்ளன. எதுவானாலும் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, சாதாரண நாளொன்றில் ஒரு முறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். தீபாவளியன்று காலை ஐந்து மணிக்குக் கிளினிக்குக்கு போன் செய்து பயனில்லை. அன்று எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதையும் அப்போதே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளலாம்.

காதில் பஞ்சு வைப்பது பற்றி ஒரு வார்த்தை. ஒலி குறைவது சொற்பம், பஞ்சு உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். வேண்டாம்.

கேட்டும் சங்கிலியும்

சத்தத்துக்கு நாய் சாவது அரிது. பயந்து ஓடி, வண்டியில் அடிபடுவதும் வழி தவறுவதும்தான் அடிக்கடி நடப்பவை. தீபாவளியன்று நம் வீட்டு வாசல் ஒரு நிமிடமும் சாத்தியிருப்பதில்லை. பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டு அக்கா வருவார், இனாம் கேட்டு ஆட்கள் வருவார்கள், பிள்ளைகள் தீப்பெட்டிக்கும் ஊதுவத்திக்கும் உள்ளே வெளியே ஓடுவார்கள். கேட்டைச் சாத்துங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது நடக்கிற காரியமல்ல. அதைவிட, வீட்டுக்குள் இரண்டாவது கதவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிராணி அதற்கு அந்தப்புறம் இருக்கும்படி வைத்துவிடுவது எளிது.

ஜன்னல் இல்லாத உள்ளறை நல்லது. பல நாய்கள் தாமாகவே குளியலறையைத் தேடிப் போகும். மாடிப்படிக்கு அடியில் புகும். அந்தத் தேர்வை மதிக்கலாம். அங்கேயே பழைய போர்வையும் தண்ணீரும் வையுங்கள், மின்விசிறியையோ பாட்டையோ ஓடவிடுங்கள். முந்தின வாரத்திலிருந்தே அங்கே தீனி வைத்துப் பழக்கியிருந்தால் இன்னும் நல்லது. பூனைக்கு அட்டைப்பெட்டி ஒன்று, மண் தட்டு ஒன்று, பூட்டிய அறை. அவ்வளவுதான் அது கேட்பது.

சங்கடமான விஷயம் சங்கிலி. தனி வீடுகளில் நாய் பெரும்பாலும் போர்டிகோவிலோ கேட்டருகிலோ மொட்டை மாடியிலோ கட்டப்பட்டிருக்கும். "நல்ல நாளும் அதுவுமா நாய் வீட்டுக்குள்ளயா?" என்று பாட்டி கேட்பார், பூஜை நடக்கும் வீட்டில் அது சின்ன விவாதமில்லை. ஆனால் கட்டிய நாய்க்கு ஓடவும் வழியில்லை, ஒளியவும் வழியில்லை. இழுத்து இழுத்து நகம் பிய்ந்து, கழுத்து அறுபட்டு, மாடியிலிருந்து தாவிச் சங்கிலியில் தொங்கி உயிர்விட்ட நாய்களும் உண்டு. பூஜை அறைப்பக்கம் வராமல் பின்கட்டிலோ சாமான் அறையிலோ கதவைச் சாத்தி, சங்கிலியை அவிழ்த்துவிடுகிறேன் என்று பாட்டியிடம் பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

காணாமல் போனால் கண்டுபிடிக்க, கழுத்துப் பட்டையில் போன் நம்பர் பொறித்த தகடு போதும். செலவு மிகக் குறைவு. சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. அந்தச் சிப் இருக்குமிடத்தைக் காட்டும் கருவி என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அரிசியளவு சிப்பில் இருப்பது ஓர் எண் மட்டும். யாராவது நாயைப் பிடித்து, கருவி வைத்துப் படித்தால்தான் உரிமையாளர் யார் என்று தெரியும். தெருவுக்குத் தெரு எல்லை வகுத்து வைத்திருக்கும் தெருநாய்கள், வழிதவறிய வீட்டு நாயை விரட்டி விரட்டி வெகுதூரம் கொண்டுபோய்விடும். எனவே தேடல் முதல் சில மணி நேரத்தில் அகலமாக இருக்க வேண்டும். பூனை அப்படியல்ல, பெரும்பாலும் நாலைந்து வீட்டுக்குள்ளேயே ஏதாவது இடுக்கில் பதுங்கியிருக்கும். வெடி ஓய்ந்த நள்ளிரவில் பழகிய குரலில் கூப்பிட்டால் பதில் வரும்.

பயந்திருக்கும் பிராணியிடம் குழந்தைகளை அனுப்பாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, சொந்த நாய்தான், தடுப்பூசி போட்டதுதான் என்று விட்டுவிடாமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இலையில் பரிமாறுவதெல்லாம்

அசைவம் சாப்பிடும் வீடுகளில் தீபாவளிக் காலை என்றால் இட்லியும் கறிக்குழம்பும். மிச்ச எலும்பு நாய்க்கு என்பது எழுதாத சட்டம். வெந்த எலும்பு கூர்கூராக உடையும். தொண்டையிலோ குடலிலோ குத்தும். குழம்போடு சேர்ந்து போகும் வெங்காயமும் பூண்டும் அதைவிட மோசம். அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்தாலும் வறுத்தாலும் வீரியம் போகாது. பூனைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போதும், ஆபத்து வர. நாலு கிலோ பூனைக்கு அது 20 கிராம், அதாவது நாலைந்து சின்ன வெங்காயம். நாய்க்குக் கிலோவுக்கு 15 கிராமிலிருந்து கவலைப்பட வேண்டும். அறிகுறி அன்றே தெரியாது. சில நாள் கழித்துச் சோர்வு, வெளிறிய ஈறு, நிறம் மாறிய சிறுநீர் என்று வரும்போது தீபாவளிக் குழம்பு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

லட்டிலும் பாயசத்திலும் உள்ள உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். எத்தனை தின்றால் ஆபத்து என்பது நாய்க்கு நாய் மாறும். சில நாய்கள் கைப்பிடி தின்றும் பிழைக்கும், சில நாய்கள் சிலவற்றுக்கே விழுந்துவிடும். ஏன் என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. 2021-ல் அமெரிக்காவில் விலங்கு நச்சியல் மருத்துவர்கள் டார்ட்டாரிக் அமிலத்தைச் சுட்டிக்காட்டினார்கள். அவர்களுக்குத் துப்புக் கொடுத்தவற்றில் ஒன்று நமக்கு நெருக்கமானது: புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகச் செயலிழப்பு வந்திருந்தது. புளியில் அந்த அமிலம் மிக அதிகம். தலைமுறை தலைமுறையாக ரசஞ்சாதம் தின்று வளர்ந்த நாய்கள் நம் ஊரில் ஏராளம், அதனால் யாரும் பதற வேண்டியதில்லை. ஆனால் ஊறவைத்த புளி உருண்டையையும் புளிக்காய்ச்சல் பாத்திரத்தையும் எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

பரிசுப் பெட்டிகளில் இப்போது மைசூர்பாகை விட சாக்லேட்டே அதிகம். அதிலுள்ள தியோபுரோமினை நாயின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும். பாதி வெளியேறவே 17 மணி நேரம் போல ஆகும். கிலோவுக்கு 20 மில்லிகிராமில் வாந்தியும் படபடப்பும் தொடங்கும், 60-ஐத் தொட்டால் வலிப்பு. பால் சாக்லேட்டில் கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் என்று வைத்தால், மூன்று கிலோ பொமரேனியனுக்கு 30 கிராம் போதும். டார்க் சாக்லேட்டில் இரண்டு மூன்று மடங்கு அதிகம், கோகோ பொடியில் பத்து மடங்குகூட இருக்கும். சர்க்கரை நோயாளி மாமாவுக்காக வாங்கிய சர்க்கரையில்லா இனிப்பில், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். இருந்தால் அது நாய்க்கு விஷம். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும், கல்லீரலும் கெடலாம்.

மிச்சமிருப்பது நெய். அதிரசமும் முறுக்கும் விஷமல்ல. ஆனால் வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டு "பாவம், வாயைப் பாக்குது" என்று போட்டுக்கொண்டே போனால், அவ்வளவு கொழுப்பையும் சேர்த்துச் சமாளிக்க முடியாமல் கணையம் வீங்கும். வாந்தி, முன்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்பது, வயிற்றைத் தொட்டால் உறுமுவது என்று ஓரிரு நாளில் தெரியும். உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நோய் இது. எதைத் தின்றிருந்தாலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே ஆபத்தாகிவிடும். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதோடு மருத்துவருக்குப் போன் செய்வதே சரி.

பூஜை அறையில் பயப்பட வேண்டியது அகல் விளக்கு மட்டுமில்லை. சாமி படத்துக்குச் சாத்தும் செவ்வரளி மாலையில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு, பூவிலும் இலையிலும். கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதம் நைவேத்தியத்திலிருந்து அரளியை விலக்கியது இதனால்தான். வாடிய மாலையைக் கழற்றி வாசலில் வீசுவதற்குப் பதிலாக மூடிய குப்பைத் தொட்டியில் போடுங்கள். தெருவில் மேயும் மாட்டுக்கும் அது உதவி.

புகையும் மறுநாள் குப்பையும்

கூண்டுப் பறவைகளின் கதை தனி. பறவையின் நுரையீரல் காற்றை ஒரே திசையில் ஓடவிட்டு, நம்முடையதைவிடத் திறமையாகக் காற்றில் உள்ளதை உறிஞ்சும். விஷக்காற்றையும் அதே திறமையோடு உறிஞ்சிக்கொள்ளும். இங்கிலாந்துச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகளைக் காற்றுச் சோதனைக்கு வைத்திருந்தார்கள். பால்கனியில் தொங்கும் லவ் பேர்ட்ஸ் கூண்டை உள்ளறைக்கு மாற்றி, கதவிடுக்கில் ஈரத்துணி வைக்கலாம். கூண்டை முழுதும் இருட்டாக மூடிவிட்டால், வெடிச்சத்தத்தில் பதறிக் கம்பியில் மோதிக்கொள்ளும். ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பிள்ளைகளுக்குப் பிடித்த பாம்பு மாத்திரை சத்தமே போடாது என்பதால் சாதுவென்று நினைக்கிறோம். புனேயில் பட்டாசு வகைகளைச் சோதித்தபோது மிக அதிக நுண்துகளைக் கக்கியது அதுதான். (பச்சைக்கிளி வளர்ப்பவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், தீபாவளி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.) முயல் வளர்த்தால் அது தின்கிறதா என்று பாருங்கள். பயத்தில் அரை நாள் தின்னாமல் இருந்தாலே அதன் குடல் நின்றுபோகும், அவசரச் சிகிச்சை தேவை.

தீபாவளிக்கு மறுநாள் காலை, ஊர் அமைதியாகிவிட்டது என்று நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கும்போதுதான் தெரு அதிக ஆபத்தாக இருக்கிறது. சூடு ஆறியும் ஆறாமலும் மத்தாப்புக் கம்பிகள், உடைந்த பாட்டில், வெடிக்காத வெடிகள். மழை பெய்திருந்தால் மருந்து கரைந்த தண்ணீர்க் குட்டைகள். பட்டாசில் பேரியம் உப்பு தடைசெய்யப்பட்டாலும் எல்லாக் கலவையிலிருந்தும் மறைந்துவிட்டது என்று நம்பிவிட முடியாது. அது உடம்பிலுள்ள பொட்டாசியத்தைச் சரித்து, தசையைத் தளர்த்தி, இதயத் துடிப்பைக் குலைக்கும். குட்டி நாய்கள் எதையும் வாயில் போடும். எரிந்த கம்பிகளைப் போட ஒரு வாளித் தண்ணீர் அல்லது மணலை வாசலில் வைப்பதும், நடந்து வந்ததும் பாதங்களைக் கழுவிவிடுவதும் இதில் பாதியைச் சமாளிக்கும். தீப்புண் பட்டால் குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடமாவது காட்டுங்கள். பற்பசை, பேனா மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம்; நக்கி உள்ளே போகும், மருத்துவருக்குப் புண்ணும் தெரியாது.

வாலில் சரம் கட்டிவிடும் விளையாட்டை இன்னும் அங்கங்கே பார்க்கிறோம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் என்று கேலிக்குரிய அளவில் நின்றுவிட்டது. ஆனால் விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. காவல் நிலையத்துக்குப் போகும்போது இந்தப் பிரிவைச் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், வந்து தங்கும் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. ஈரோட்டின் வெள்ளோடு சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களும் அப்படியே. யாரும் சட்டம் போட்டு நடந்ததல்ல. நகரத்தில் ஒரு தெருவை அப்படி மாற்றுவது கஷ்டம். ஆனால் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் பத்து நாள் முன்பே, சத்தவெடியைக் கார் நிறுத்துமிடத்தில் போடாமல் வெளியே மைதானத்தில் போடலாமா என்று கேட்டால் ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சண்டையாகக் கேட்பதைவிட, பிள்ளைகளை அழைத்து நாயைக் காட்டிக் கேட்பது பலிக்கும்.

பயந்த பிராணி பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஒரு வாரம் கழித்தும் வாசற்படியைத் தாண்ட மறுத்தால், சின்னச் சத்தத்துக்கும் பதறினால், அது தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். வெடிச்சத்தத்தை மிகத் தாழ்வாக ஒலிக்கவிட்டுத் தீனியோடு சேர்த்துப் பழக்கும் பயிற்சிக்குச் சில மாதம் பிடிக்கும்; தீபாவளி வாரத்தில் யூடியூபில் தேடித் தொடங்குவதற்கு உரியதல்ல அது. புதுக்குட்டி என்றால் மூன்று மாத வயதுக்குள் தொடங்கினால் எளிது. நம் ஊரில் கோயில் திருவிழா அதிர்வேட்டு, சாவு ஊர்வலச் சரவெடி, தேர்தல் வெற்றி, புத்தாண்டு இரவு என்று வெடிக்கு மாதம் கிடையாது. திருக்கார்த்திகையோ சில ஆண்டுகளில் தீபாவளி முடிந்து இரண்டே வாரத்தில் வந்துவிடுகிறது. மருத்துவரைப் பார்ப்பதானால் அதற்குள் பார்த்துவிட வேண்டும்.